எண்பத்தைந்தாவது சைக்கிள்

சைக்கிள் பந்தயத்தை முன்னிட்டு மூன்று நாட்களுக்குச் சாலையில் யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் காண்ட்ராக்ட் தொழிலாளர் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

சுடலைக்கண்ணு அதை இரண்டு முறை படித்தான். கார்களுக்குக் கதவுக் கைப்பிடி செய்கிற தொழிற்சாலை அது. சேரப்பணஞ்சேரி வாடகை அறையிலிருந்து நாலு வருஷமாக அவன் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறான்.

"அப்ப நான் எப்படிண்ணே வேலைக்கு வர?" என்று கேட் செக்யூரிட்டி தாவீதைக் கேட்டான்.

"நீ இன்னாத்துக்கு வேலைக்கு வர்றே? சைக்கிள் வெச்சுகினு கீற காண்ட்ராக்ட் பசங்க எல்லாம் ரோட்டுல கொடி புடிச்சுகினு நிக்கணுமாம். ஆர்டர் வந்துகீது."

"அங்க எப்படிப் போக?"

"நடந்து போ. சைக்கிள்ள போவக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தானே உன்ன நிக்க வெக்கிறாங்க!"

சைக்கிளைத் தடுத்ததால் வேலைக்கு வர முடியாதவர்களைப் பிடித்து, சைக்கிள் வராமல் தடுக்க நிறுத்துவது. இப்படி யோசிக்கத் தனி மூளை வேண்டும். அந்த மூளை தொழிற்சாலையின் மனிதவளத் தலைவர் கோமதிநாயகத்துக்கு இருந்தது. பந்தயக் குழுவின் செயலாளரும் அவரேதான்.

தாவீது பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உனுக்குப் பாயிண்ட் ஏழு" என்றார். அப்புறம் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "சேரப்பணஞ்சேரி வளைவு. வேற எடம் கேட்டுப் பாக்கட்டாடா?"

"வேண்டாம்ணே."

பந்தய நோட்டீசுக்குப் பக்கத்தில் இன்னொரு காகிதம் ஐந்து மாதமாகத் தொங்குகிறது. 'சொல்லாமல் வேலையை விட்டு ஓடிப்போனோர் பட்டியல்' என்று தலைப்பு. பட்டியலில் ஒரே ஒரு பெயர்: சி-4471, ஐயனார். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தான். கார்டுக்குப் படம் எடுக்கும்போது சிரிக்காதே என்று சொன்னதால்தான் சிரித்தான், அவன் அப்படிப்பட்ட ஆள்.

ஐயனார் எங்கேயும் ஓடிப்போகவில்லை. செத்துப்போனான்.

சுடலைக்கண்ணுவும் அவனும் நாங்குநேரிப் பக்கம் ஒரே ஊர், இங்கே ஒரே அறை, ஒரே பாய். முதலில் கேட்டுக்குப் போகிறவன் அறையில் கூட இருப்பவன் கார்டையும் சேர்த்துத் தட்டிவிடுவது காண்ட்ராக்ட் பையன்களுக்குள் வழக்கம். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாளை வெட்டுகிற ஊரில் வேறு என்ன செய்வார்கள்? அன்றைக்கு ஏ ஷிப்ட். முந்தின நாள் ஓ.டி. பார்த்த அலுப்பில் ஐயனாரால் எழுந்திருக்க முடியவில்லை. "ஏல மக்கா, நீ முன்னால போ. என் கார்டையும் தட்டிரு. பின்னாலயே வந்துருதேன்" என்றான். காலை ஐந்து நாற்பத்தொன்றுக்குச் சுடலைக்கண்ணு இரண்டு கார்டையும் தட்டினான். கேட்டில் இருந்த பஞ்சிங் மெஷின் பெண் குரலில் இரண்டு தடவை "தேங்க் யூ" என்றது.

ஐந்து ஐம்பதுக்குச் சேரப்பணஞ்சேரி வளைவில், மூன்று வருஷமாக மனுக் கொடுத்தும் மூடாத பள்ளத்தைச் சுற்றிப் போக ஐயனார் சைக்கிளை ஒடித்தபோது பின்னால் கண்டெய்னர் லாரி வந்தது. சட்டைப் பையில் கார்டு இல்லாததால் ஒன்றரை நாள் அவன் பிணவறையில் அடையாளம் தெரியாத ஆணாகக் கிடந்தான். கார்டு சுடலைக்கண்ணுவின் பையில் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இறப்புச் சான்றிதழோடு சுடலைக்கண்ணு போனபோது கோமதிநாயகம் கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஐந்து நாற்பத்தொன்றுக்கு உள்ளே வந்திருக்கிறார். வெளியே போனதாகப் பதிவு இல்லை. உள்ளே இருப்பவர் எப்படி ரோட்டில் சாக முடியும்? செத்தது வேறு யாரோ. இவர் சுவர் ஏறிக் குதித்து ஓடியிருக்கிறார்."

நான்தான் தட்டினேன் என்று சுடலைக்கண்ணு சொல்லவில்லை. அடுத்தவன் கார்டைத் தட்டினால் அன்றைக்கே வேலை போய்விடும்.

ஐயனாரின் அம்மா பாண்டிச்செல்விக்குத் தொழிற்சாலையிலிருந்து மூன்று கடிதங்கள் போயின. மூன்றிலும், உங்கள் மகன் உடனடியாகப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தது. துணி சுற்றிக் கட்டிக் கொடுத்த உடம்பில் முகம் பார்க்கவே முடியாமல் எரித்தவள் அவள். ஊருக்குச் சும்மா இருக்க முடியுமா? எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று பேச ஆரம்பித்தது. வாரம் தவறாமல் சுடலைக்கண்ணுவுக்குப் போன் வரும்.

"எய்யா, கம்பெனிக்காரன் எம்புள்ள உசுரோட இருக்காங்கான். அப்ப நான் எரிச்சது யாரைய்யா? அவன் ஓடிப்போவலன்னு ஒரு எழுத்து வாங்கிக் குடுய்யா. ஒத்த எழுத்து போதும்."

"வாங்கித் தாரேன் சித்தி" என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் பாவி.

பந்தயத்தின் முதல் நாள் இருங்காட்டுக்கோட்டையில் தொடக்க விழா. கொடி பிடிப்பவர்களையும் வேனில் அள்ளிப் போய் உட்கார வைத்தார்கள். பதினாலு அணி, அணிக்கு ஆறு பேர், மொத்தம் எண்பத்துநாலு வீரர்கள். பெல்ஜியத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கோமதிநாயகம் மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சாலைக்கு இன்று நாம் சைக்கிளை அறிமுகப்படுத்துகிறோம்! நம் தொழிலாளிகள் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி என்றால் என்ன என்றே தெரியாது. அவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. வழியில் இருந்த நாற்பத்திரண்டு பள்ளங்களையும் நான்கே நாளில் மூடிவிட்டோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விழுந்துவிட்டால் நாட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! மனித உயிர் இல்லையா?"

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

பாயிண்ட் ஏழில் பள்ளம் இருந்த இடம் கருப்பாக மினுமினுத்தது. சுடலைக்கண்ணு காலால் அழுத்திப் பார்த்தான், உள்ளே போகவில்லை. ஓரத்து மின்கம்பத்தில் அவன் கட்டி வைத்திருந்த ஐயனாரின் போட்டோவையும் காய்ந்த மாலையையும் மறைத்துப் பந்தய பேனர் கட்டியிருந்தார்கள். 'மிதி, வாழ்வை வெல்!' என்று இருந்தது. பேனரின் கீழ் விளிம்பில் மாலையின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் கையில் அமுக்கினால் எண் ஏறுகிற கருவியைக் கொடுத்திருந்தார்கள். வளைவைத் தாண்டுகிற ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அமுக்கு. நல்ல வெயில், மணி பத்து இருக்கும். முன்னால் போலீஸ் வண்டி, அடுத்து கார், அதன்பின் கூட்டமாக வந்தார்கள். அத்தனை சைக்கிள் போயும் சத்தமே இல்லை, காற்று மட்டும் முகத்தில் அறைந்தது. எண்பத்துநாலு வரை எண்ணிவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

அப்போது பெல் அடித்தது.

பந்தயச் சைக்கிளில் ஏது பெல்? இரண்டு அடி, வளைவுக்கு முன்னால். ஐயனார் எப்போதும் அடிக்கிற இரண்டு அடி. அதன்பின் இடது பெடல் கிறீச், கிறீச் என்றது. எண்ணெய் விடுல என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்த அதே பெடல். நீலச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை ஆடியது. அந்தச் சைக்கிள் நசுங்கிப்போய்ப் போலீஸ் ஸ்டேஷன் மரத்தடியில் கிடப்பதை அவன் போன வாரம்தான் பார்த்தான்.

பள்ளம் இல்லாத இடத்தில் ஐயனார் பள்ளத்தைச் சுற்றிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்கிற அவசரம் அந்த முதுகில் தெரிந்தது.

சுடலைக்கண்ணுவின் கட்டைவிரல் தானாகவே அமுக்கியது. எண்பத்தைந்து.

மாலையில் கணக்குத் தாளில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேறு எதை எழுதுவான்?

இரண்டாம் நாள் மலைக் கட்டம். உலகத்துப் பெரிய பந்தயங்களில் எல்லாம் மலைக் கட்டம் உண்டு. ஒரகடத்தில் மலை கிடையாது. ஆகவே ஒரகடம் மேம்பாலம் ஒரு மலை என்று குழு ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. மேலே முதலில் ஏறுகிறவருக்கு மலையரசன் பட்டம். அன்று வளைவில் பெல் சத்தம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வரவில்லை, நடுவிலிருந்து வந்தது. மேம்பாலத்தில் எல்லாருக்கும் முன்னாலிருந்து வந்தது. பெல்ஜியத்துக்காரர் ஒருவர் இறங்கி நின்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியமே சுடலைக்கண்ணுவை விசாரணைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. ஓடியது. கோமதிநாயகத்துக்குப் பக்கத்தில் நேரக் கணக்குப் பார்க்கும் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள், சின்ன வயசுப் பெண். பந்தயத்தின் நேரக் கருவியும் கேட்டின் பஞ்சிங் மெஷினும் ஒரே ஆள் சப்ளை செய்தவை, ஒரே கணினி. அதில் மலையரசன் பெயர் வந்திருந்தது: சி-4471, ஐயனார்.

"இவரை உனக்குத் தெரியுமா?"

"என் ரூம்காரன் சார். செத்துட்டான் சார். நாந்தான் சான்றிதழ் கொண்டாந்து காட்டுனேன்."

"அது இருக்கட்டும். நுழைவுப் படிவம் பூர்த்தி செய்தாரா?"

"செத்துட்டான் சார்."

"ஹெல்மெட் இல்லை. சாப்பாட்டுப் பையோடு ஓட்டியிருக்கிறார். முக்கியமாக, ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கவில்லை." கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறந்தவர் என்பதற்காக ஒருவருக்கு விதிவிலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் இறந்துவிட்டு வந்து நிற்பார்கள். நிர்வாகம் நடத்த முடியுமா?"

ஐயனாருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் தயாராக இருந்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நேரில் வர வேண்டும் என்று கண்டிருந்தது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கனிஷ்கா கேட்டாள். பாயிண்ட் ஏழு மின்கம்பத்தில் ஒட்டச் சொன்னார்.

"சார்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள், "பாலத்து மேல நானும் பெல் சத்தம் கேட்டேன்."

"பெல் பொருத்திய சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதையும் நோட்டீசில் சேர்த்துவிடும்மா."

பிறகு அவர் சுடலைக்கண்ணுவின் கணக்குத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். குரல் இறங்கியது.

"தம்பி, எண்பத்தைந்து என்று கையெழுத்துப் போட்டிருப்பது நீ ஒருவன்தான். மற்ற பாயிண்ட் பையன்கள் எல்லாரும் திருத்திவிட்டார்கள். நீயும் எண்பத்துநாலு என்று போட்டுவிடு. உனக்கு நான் ஒரு நல்லது செய்கிறேன். கேட்டில் தொங்குகிற அந்தப் பட்டியலில் இருந்து உன் ரூம்காரன் பெயரை எடுத்துவிடுகிறேன்."

ஐந்து மாதமாகக் கேட்டு நடந்தது இதற்குத்தானே! சுடலைக்கண்ணு பேனாவை வாங்கிவிட்டான்.

"அப்ப, அவன் ஓடிப்போகலன்னு ஒரு எழுத்து குடுப்பீங்களா சார்? அவுங்க அம்மைக்கு அனுப்பணும்."

"அதற்கெல்லாம் தேவையே இருக்காது. சி-4471 என்கிற எண்ணையே கணினியிலிருந்து எடுத்துவிடுவோம். ஐயனார் என்று ஒருவர் இங்கே வேலையே பார்த்ததில்லை. வேலை பார்க்காதவர் எப்படி ஓடிப்போக முடியும்? செத்தால் நமக்கென்ன? பிரச்சினை தீர்ந்தது."

பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது. லைன் இரண்டில் மூன்று வருஷம் நின்றவன். கால் வீங்கினால் ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தவன். எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் அவன் கை பட்ட கைப்பிடி இருக்கும். இவர்கள் அவனைக் கொன்றதுகூடப் போகட்டும், பிறக்கவே இல்லை என்று ஆக்கப் பார்க்கிறார்களே!

பேனாவை வைத்தான்.

"அன்னைக்கி அவன் கார்டைத் தட்டுனது நாந்தான் சார். அவன் உள்ள வரவே இல்ல. வார வழியில செத்துட்டான். நான் தட்டலன்னா அவன் ஓடிப்போனவன்னு பேர் வந்திருக்காது, பையில கார்டு இருந்திருந்தா அநாதப் பொணமாக் கெடந்திருக்க மாட்டான். எல்லாம் என்னாலதான். எழுதிக்கிடுங்க."

கனிஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"ஆக, குற்றவாளி கிடைத்துவிட்டார்! போலிப் பதிவு. இப்போதே சஸ்பெண்ட்."

"அப்ப ஐயனார் ஓடிப்போகலதானே சார்?"

"இல்லை. ஓடிப்போகவில்லை. வேலைக்கு வரவில்லை. பட்டியலை 'முன்னறிவிப்பின்றி வராதோர்' என்று மாற்றிவிடலாம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனால் உள்ளே வந்த பதிவு இருக்கிறவரை மாற்ற முடியாது. அந்தப் பதிவை ரத்து செய்ய விதிப்படி தொழிலாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்."

சுடலைக்கண்ணுவின் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் பையில் இன்னொரு கார்டு இருப்பதை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பாண்டிச்செல்விக்குப் போன் போட்டான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். கார்டு தட்டியதை, ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததை, நேற்றும் இன்றும் வளைவில் பார்த்ததை. "நீ எரிச்சது ஐயனாரைத்தான் சித்தி. சந்தேகமே வேண்டாம். என்ன மன்னிச்சிரு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். "வெயில்லயா போறான்?" என்று மட்டும் கேட்டாள். "சாப்பாட்டுப் பை வச்சிருக்கானா?"

"வச்சிருக்கான் சித்தி."

"அப்ப இன்னும் சாப்பிடல."

மூன்றாம் நாள் கடைசிக் கட்டம். சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பி, சுற்றிவந்து, தொழிற்சாலை வாசலில் முடிகிறது. மெயின் கேட்டில் ரிப்பன், மேளம், மேடை. வெற்றிக்கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காண்ட்ராக்ட் கேட். அங்கே தாவீது தனியாக நின்றார். சஸ்பெண்ட் ஆனவனை அண்டவே விடக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

"உன்ன நான் பாக்கலடா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்றுகொண்டார்.

மணி பதினொன்று இருக்கும். தூரத்தில் போலீஸ் சைரன் கேட்டது. அதற்கும் முன்னால் பெல் கேட்டது. இரண்டு அடி. மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். கிறீச், கிறீச் என்ற சத்தம் நெருங்கியது. ரிப்பன் யாரும் தொடாமல் அறுந்து விழுந்தது. மேடையில் கோமதிநாயகம் கையில் மாலையோடு நின்றார், யார் கழுத்தில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐயனார் மேடையைப் பார்க்கவே இல்லை. நேராகக் காண்ட்ராக்ட் கேட்டுக்கு வந்து ஒரு காலை ஊன்றி நின்றான். மூச்சு வாங்கியது. பஞ்சிங் மெஷினைப் பார்த்தான். பிறகு முதல் முறையாகச் சுடலைக்கண்ணுவைப் பார்த்தான். கோபம் இல்லை. ஷிப்ட் முடிந்தும் லைனை விட்டு நகர அனுமதி வராதவன் பார்க்கிற பார்வை அது. பசியும் அலுப்பும்தான் இருந்தன.

சுடலைக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் உள்ளே போக வரவில்லை. உள்ளே வந்தது வந்ததாகவே இருக்கிறது. ஐந்து மாதமாக இவனை யாரும் வெளியே விடவில்லை.

பையிலிருந்து கார்டை எடுத்தான். போட்டோவில் ஐயனார் சிரித்தான்.

"மக்கா, தாமதமாயிட்டுல. கோவிச்சுக்கிடாத."

வெளியே போகிற பக்கத்தில் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் பெண் குரலில், "தேங்க் யூ" என்றது. அந்தத் தொழிற்சாலையில் ஐயனாருக்கு யாராவது நன்றி சொன்னது அதோடு சரி.

பெல் இரண்டு தடவை அடித்தது. சைக்கிள் திரும்பியது. எதிரே வந்துகொண்டிருந்த எண்பத்துநாலு பேரும் என்ன ஏதென்று தெரியாமலே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். ஊருக்குப் போவதென்றால் ஐயனார் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குத்தான் போவான். அந்தப் பக்கம்தான் போனான். பெடல் சத்தம் மட்டும் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பந்தயம் மாபெரும் வெற்றி என்று குழு அறிக்கை வெளியிட்டது. சுடலைக்கண்ணுவுக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. குற்றம் இரண்டு: அடுத்தவர் கார்டில் ஒரு முறை உள்ளே தட்டியது, ஒரு முறை வெளியே தட்டியது. அவன் ஊருக்குத் திரும்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாண்டிச்செல்வியின் போன் வந்தது.

"எய்யா, கம்பெனிலருந்து நாலாவது கடுதாசி வந்திருக்கு. தடிச்ச தாளு. தங்கக் கலர்ல ஓரம் போட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ளைய விட்டுப் போட்டோ புடிச்சு ஒனக்கு அனுப்பிருக்கேன். என்னன்னு வாசி."

அது கணினி தானாக அச்சடித்து அனுப்பியது. கோமதிநாயகத்தின் கையெழுத்தும் தானாகவே விழுந்திருந்தது. சுடலைக்கண்ணு வாசித்தான்.

"திரு. ஐயனார், சி-4471. ஒரு முறைகூட வெளியேறாமல் தொடர்ந்து மூவாயிரத்து அறுநூற்று இருபத்தொன்பது மணி நேரம் பணியில் இருந்து, முறையாகப் பதிவு செய்து விடைபெற்றமைக்காக, தங்களை இந்த ஆண்டின் சிறந்த தொழிலாளியாக அறிவிப்பதில் நிர்வாகம் பெருமை கொள்கிறது."

பாண்டிச்செல்வி கடைசி வரை கேட்டாள்.

"ஓடிப்போனான்னு எங்கயும் போடலியே?"

"போடல சித்தி. சொல்லிட்டுத்தான் போயிருக்கான்னு போட்டிருக்கு. நீ கேட்ட எழுத்து இதுதான்."

பாண்டிச்செல்வி அதை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. அப்புறம் கேட்டாள்.

"ஏய்யா, செத்த புள்ளைய அஞ்சு மாசமாவா வீட்டுக்கு விடாம வச்சிருந்தானுவ?"